பதினேழாம் எண் கைபேசி சர்வீஸுக்குப் போன கதை

போன மாதம் நான் வேலை பார்த்த பள்ளியிலிருந்து ஓர் இளம் ஆசிரியை கூப்பிட்டார். பள்ளிக்கு டேப்லெட்டுகள் வரப்போகின்றனவாம். தொடக்க விழாவில் நான் பத்து நிமிடம் பேச வேண்டுமாம். "மொபைல் வழிக் கல்விக்கு நீங்கதான் மிஸ் முன்னோடி. அந்தக் காலத்துலயே செஞ்சிருக்கீங்களே!" என்றார். பணியில் இருந்தவரை என்னை யாரும் முன்னோடி என்று சொன்னதில்லை. ஓய்வு பெற்றால் மனிதருக்கு என்னென்னவோ பட்டம் கிடைக்கிறது. முழங்கால் ஒத்துழைக்கவில்லை என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். நடந்ததை மேடையில், மைக் முன்னால், நன்கொடை கொடுத்தவர்களை எதிரே உட்கார வைத்துக்கொண்டு சொல்ல முடியாது. எழுதிவிடலாம்.

நான் வேலைக்குச் சேர்ந்தது தொண்ணூற்றொன்றில். பெங்களூரில் ரிச்சர்ட்ஸ் டவுனை ஒட்டி, ரயில் பாதைக்கு இந்தப் பக்கம், அரசு உதவி பெறும் ஒரு தமிழ்வழிப் பள்ளி. ஒன்றிலிருந்து ஏழு வரை. பிள்ளைகளின் அப்பாக்கள் பெயிண்ட் அடிப்பவர்கள், ஆட்டோ ஓட்டுபவர்கள், மாநகராட்சித் துப்புரவு வேலையில் இருப்பவர்கள். அம்மாக்கள் பெரும்பாலும் பங்களாக்களில் வீட்டு வேலை செய்பவர்கள். பிள்ளைகள் வீட்டில் தமிழும் தெருவில் கன்னடமும் சரளமாகப் பேசிவிட்டு, பள்ளிக்கு வந்தால் நாங்கள் எதைப் பேசச் சொல்கிறோமோ அதை மட்டும் பேசாமல் இருப்பார்கள்.

ஆசிரியர் பயிற்சியில் இரண்டு வருடம் நான் கற்றது மூன்று விஷயங்கள்: சார்ட் பேப்பரில் யானை வரைவது, கரும்பலகையை மேலிருந்து கீழாகத் துடைப்பது, குழந்தையின் மனத்தை அறிவது. முதலிரண்டும் கடைசிவரை கைகொடுத்தன.

பிரம்பை நான் தொட்டதே இல்லை. அதில் எனக்கு ஒரு பெருமை உண்டு. தேவைப்படவில்லை. நாக்கு இருந்தது. வீட்டுப்பாடம் எழுதாமல் வந்தவனிடம், "பரவாயில்லப்பா, நீ கையெழுத்துப் போட மட்டும் கத்துக்கோ, மந்திரி ஆயிடலாம்" என்பேன். வகுப்பே சிரிக்கும். அவனும் சிரிப்பான். புஷ்பா மிஸ் வகுப்பு என்றால் கலகலப்பு என்று பெயர்.

நான் இருந்த காலத்தில் எங்கள் பள்ளிக்கு நான்கு முறை தொழில்நுட்பப் புரட்சி வந்தது. முதலில் தொலைக்காட்சிப் பெட்டி. கல்வி நிகழ்ச்சி இந்தியில் வரும். தமிழ்ப் பிள்ளைகள் கன்னட நாட்டில் உட்கார்ந்து இந்தியில் தவளையின் வாழ்க்கைச் சுழற்சியைப் பார்த்தார்கள். தவளைக்குப் புரிந்திருக்கும். அடுத்து ஒரு டேப் ரெக்கார்டர், ஆங்கிலப் பாட்டு கேசட்டுகளுடன். இரண்டாவது வாரமே நாடா உள்ளே சிக்கிச் சுருண்டுவிட்டது. மூன்றாவது கணினி. அதற்கென்று ஓர் அறை ஒதுக்கி, தரைவிரிப்பு போட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வர வேண்டும் என்று எழுதி ஒட்டினோம். ஒரு கணினி, நாற்பத்திரண்டு பிள்ளைகள். வரிசையாக வந்து விசைப்பலகையில் ஒரு எழுத்தைத் தட்டிவிட்டு வெளியேறினார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டதையும் பார்த்தேன்.

இந்த மூன்றையும் புதுசு மாறாமல் காப்பாற்றியவர் எங்கள் தலைமையாசிரியை எஸ்தர் மேடம். கஞ்சி போட்ட காட்டன் புடவை, இடுப்பில் கைக்குட்டையில் முடிந்த சாவிக்கொத்து, பச்சை மைப் பேனா. பச்சை மையில் எழுதும் அதிகாரம் அவருக்கு உண்டா என்று யாருக்கும் தெரியாது. கேட்கும் தைரியமும் யாருக்கும் கிடையாது. குரலை உயர்த்தவே மாட்டார். வகுப்பு ஜன்னலுக்கு வெளியே வந்து நிற்பார். நாம் ஒரு தப்பு செய்யும்வரை நிற்பார். செய்ததும் போய்விடுவார். மாலையில் மேஜைமேல் ரோஸ் நிறத் தாளில் மெமோ இருக்கும். எந்தக் காகிதத்தையும் கிழிக்க மாட்டார். எதைச் சொன்னாலும் அவர் கேட்பது ஒரே கேள்வி: "ரெக்கார்ட்ல இருக்கா, டீச்சர்?" பதிவேட்டில் இல்லையென்றால் அது நடக்கவில்லை. ஒருமுறை கூரை ஓடு ஒன்று விழுந்தபோதுகூட, விழுந்த ஓட்டை முதலில் பதிவு செய்த பிறகுதான் அப்புறப்படுத்த விட்டார்.

நான்காவது புரட்சிதான் கைபேசி. இரண்டாயிரத்து ஆறோ ஏழோ. எலெக்ட்ரானிக் சிட்டியில் உள்ள ஒரு மென்பொருள் நிறுவனத்துக்குத் திடீரென்று ஏழைக் குழந்தைகள்மேல் அன்பு வந்து, முப்பது கைபேசிகளை எங்களுக்குக் கொடுத்தது. அதைக் கொண்டுவந்தவன் கார்த்திக் என்ற பையன். கோயம்புத்தூர்ப் பக்கம். வேலைக்காக வந்து ஹெப்பகோடியில் நண்பர்களோடு அறை எடுத்துத் தங்கியிருந்தான். அங்கிருந்து எங்கள் பள்ளிக்கு மூன்று பஸ் மாற வேண்டும். உலகத்தை மாற்றும் உற்சாகத்தோடு காலையில் கிளம்புவான். அதில் பாதி சில்க் போர்டு சிக்னல் நெரிசலிலேயே தீர்ந்துபோயிருக்கும்.

"மேடம், இதுல படம் வரும்ங்க. கூடவே வார்த்தைய இங்கிலீஷ்ல, தமிழ்ல சொல்லும். கொழந்த இந்த பட்டன அமுக்கித் திருப்பிச் சொல்லோணும். அது ரெக்கார்டு ஆகி, அவங்க குரல அவங்களே கேக்கலாம்ங்க. சனி, ஞாயிறு வீட்டுக்குக் குடுத்து விட்டீங்கன்னா அம்மா அப்பாவும் சேந்து கத்துக்கலாம். ஸ்கூல்ல பாதி, வீட்டுல பாதி. அதுதான் புராஜெக்ட்டே."

எஸ்தர் மேடம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். அவன் போனதும் விதிகளை எழுதினார். கைபேசிகளில் சிம் கார்டு போடக் கூடாது. ஒவ்வொன்றின் முதுகிலும் எண் எழுதி ஒட்ட வேண்டும். புதன்கிழமை மூன்றாவது பீரியடில் மட்டும், ஐந்தாம் வகுப்புக்கு மட்டும் தரப்படும். வாங்கும்போதும் திருப்பித் தரும்போதும் பிள்ளைகள் பதிவேட்டில் கையெழுத்திட வேண்டும். தருவதற்கு முன் மஞ்சள் துணியால் துடைக்க வேண்டும். பள்ளி வளாகத்தைத் தாண்டி எடுத்துச் செல்லக் கூடாது. கடைசி விதி: பக்கத்து வகுப்புக்கு இடைஞ்சல் ஆகும் என்பதால் ஒலி அளவு பூஜ்யத்தில் இருக்க வேண்டும்.

"மேடம், சத்தமே இல்லாம எப்படி உச்சரிப்பு கத்துப்பாங்க?" என்றேன்.

"உதட்டைப் பாத்து, டீச்சர்."

கைபேசிக்கு உதடு கிடையாது என்பதைப் பதிவேட்டில் ஏற்ற எனக்கு வழி தெரியவில்லை. இப்படியாக எங்கள் பள்ளியில், யாரோடும் பேச முடியாத, எதையும் கேட்க முடியாத முப்பது கைபேசிகளை வைத்து மொழிப் பயிற்சி தொடங்கியது. பிள்ளைகளுக்கு மகா சந்தோஷம். படத்தை மாற்றி மாற்றிப் பார்த்தார்கள். மாதம் ஒருமுறை நிறுவனத்துக்கு நான் அறிக்கை அனுப்புவேன்: "குழந்தைகள் ஆர்வத்துடன் கற்கிறார்கள்." அதில் பொய் எதுவுமில்லை. எதைக் கற்கிறார்கள் என்று அவர்கள் கேட்கவில்லை.

அந்த ஐந்தாம் வகுப்பில் மூன்றாவது பெஞ்சில் நந்தினி என்றொரு பெண் இருந்தாள். எண்ணெய் வைத்து இறுக்கிப் பின்னிய இரட்டைச் சடை. கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். எழுத்துத் தேர்வில் எப்போதும் முதல் மூன்றுக்குள். ஆனால் பேச மாட்டாள். பதில் சொல்ல மாட்டாள், வாசிக்க மாட்டாள், ஆஜர் கூப்பிட்டால் கையை மட்டும் தூக்குவாள். யாராவது அடித்தால்கூட வாய் திறந்து அழ மாட்டாள். வருடக்கணக்காக இப்படித்தான். பக்கத்தில் உட்காரும் பிள்ளைகள் அவளுக்காகப் பேசிப் பழகிவிட்டார்கள். "மிஸ், நந்தினிக்கு ஒன் பாத்ரூம்." நாங்களும் பழகிவிட்டோம்.

அந்த வருடம் கல்வி அலுவலகத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. குறைபாடுள்ள பிள்ளைகளைக் கண்டறிந்து, உரிய சிறப்புப் பள்ளிக்கு மாற்றப் பரிந்துரைக்க வேண்டும். எஸ்தர் மேடத்துக்குப் படிவம் என்றால் நிரப்பியாக வேண்டும். நந்தினியின் பெயரை எழுதி, "வாய் பேச இயலாதவர்" என்ற கட்டத்தில் டிக் அடித்து, வகுப்பாசிரியை என்ற முறையில் என் கையெழுத்துக்கு அனுப்பினார். காது கேளாதோருக்கான பள்ளி ஒன்று நகரத்தின் மறுகோடியில் இருந்தது. அங்கே போகட்டும், அவர்களுக்குத்தான் இதெல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். உண்மையில் நான் அவ்வளவுகூட நினைக்கவில்லை. டீ ஆறிக்கொண்டிருந்தது. போட்டுவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து மதிய இடைவேளையில் நந்தினியின் அம்மா செல்வி வந்தாள். பாத்திரம் தேய்த்த ஈரக் கை, இடுப்பில் செருகிய முந்தானை. நேராக வகுப்புக்குள் வந்து என் மேஜைமுன் நின்றாள்.

"இன்னா மிஸ் இது, என் பொண்ண ஊமைன்னு எழுதிக் குடுத்துட்டீங்களாமே?"

"நான் எங்க எழுதினேன்? இத்தன வருஷமா அவதான் எழுதிக் காட்டிட்டு இருக்கா" என்றேன். எனக்குச் சாமர்த்தியமாகத் தோன்றியது.

செல்வி சிரிக்கவில்லை. "ஊட்ல அவ வாயே மூட மாட்டா, மிஸ். காலைல எந்திரிச்சா ரேடியோ கணக்கா ஓடினே இருக்கும். கெட்டுப்போன தக்காளிய குடுத்துட்டான்னு கடைக்காரன்கிட்ட கன்னடத்துல சண்டை போட்டு மாத்திகினு வருவா. சாயங்காலம் ஆனா சந்துல இருக்கற புள்ளைங்கள எல்லாம் குந்த வச்சி டீச்சர் வெளாட்டு. அந்தச் சத்தம் தாங்காம பக்கத்து ஊட்டுக்காரம்மா கதவ சாத்திக்கறா. அவள போய் ஊமை பள்ளிக்கூடத்துக்கு அனுப்பறேன்றீங்க."

"அப்படின்னா இங்க மட்டும் என்ன வந்துச்சு அவளுக்கு?"

"அத நீங்கதான் சொல்லணும்."

"சரி, சனிக்கிழமை வீட்டுக்கு வரேன். பேசட்டும், கேக்கறேன்."

"நீங்க வந்தா பேச மாட்டா. வாய மூடிகினு சும்னே நின்னுனு இருப்பா. ஊட்ல உங்க பேர எடுத்தாலே கதவுக்குப் பின்னால போயிடறா, மிஸ்."

ஏன் என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. என் மேல் பிள்ளைகளுக்கு ஒரு மரியாதை உண்டு, அதுதான் காரணம் என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். ஆனால் அவள் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்த்தபோது, போட்ட கையெழுத்து உறுத்தியது. படிவம் பத்து நாளில் அலுவலகத்துக்குப் போய்விடும். நேரில் போனால் பேச மாட்டாள் என்றால், நான் இல்லாமல் நான் கேட்க வேண்டும். அதற்கான கருவி முப்பது எண்ணிக்கையில், மஞ்சள் துணி மூடி, தலைமையாசிரியை அறை பீரோவில் தூங்கிக்கொண்டிருந்தது.

எஸ்தர் மேடத்திடம் போய்க் கேட்டேன். ஒரே ஒரு கைபேசி, ஒரே ஒரு சனி ஞாயிறு. ரெக்கார்டு பண்ணிக் கொண்டுவருவார்கள்.

"வளாகத்தைத் தாண்டக் கூடாதுன்னு ரூல் இருக்கே, டீச்சர்."

"ரூல் போட்டது நீங்கதானே மேடம்?"

"அதனாலதான் சொல்றேன்."

பதிவேட்டைப் புரட்டிப் பார்த்தேன். கைபேசி வெளியே போக ஒரே ஒரு வழி இருந்தது: பழுது. பழுதானால் மூன்று பிரதிகளில் சர்வீஸ் சீட்டு எழுத வேண்டும். பொருளின் எண், பழுதின் தன்மை, எடுத்துச் செல்பவர் பெயர். கீழே தலைமையாசிரியை பச்சை மையில் ஒப்பமிட வேண்டும். வெள்ளிக்கிழமை மாலை ஒரு சீட்டு எழுதினேன். பொருள்: கைபேசி எண் பதினேழு. பழுதின் தன்மை: ஒலி வரவில்லை. எங்கள் பள்ளியில் முப்பது கைபேசியிலும் ஒலி வரவில்லை என்பதால் இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மேடம் சீட்டை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்திட்டார்.

போகும் வழியில் செல்வி வேலை செய்யும் பங்களாவின் பின்கதவில் அவளைப் பிடித்தேன். எந்தப் பட்டனை அமுக்க வேண்டும் என்று காட்டினேன். "அவளுக்குத் தெரியக் கூடாது. அலமாரியில எங்கயாவது வச்சிடு."

"அரிசி டப்பா பின்னாடி வக்கிறேன், மிஸ்" என்று ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டாள்.

திங்கட்கிழமை காலை கைபேசி திரும்பி வந்தது. மதியம் சாப்பிடாமல், செருப்பைக் கழற்றிவிட்டு, யாரும் வராத கணினி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன். விதியை மீறி ஒலியைக் கூட்டினேன்.

முதலில் பாத்திரச் சத்தம். குக்கர் விசில். பக்கத்து வீட்டுத் தொலைக்காட்சியில் யாரோ அழுதார்கள். பிறகு ஒரு சிறுமியின் குரல், மணி அடித்ததுபோல்: "எல்லாரும் உக்காருங்க! கை கட்டு! வாய் மேல விரல் வை! அம்மு, உனக்குத் தனியா வெத்தல பாக்கு வச்சிச் சொல்லணுமா?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அம்மு நந்தினியின் தங்கை. நான்கு வயது. நல்ல மிமிக்ரி, யாரோ டீச்சரை அப்படியே பிடிக்கிறாளே என்று நினைத்தேன். இழுத்து இழுத்துப் பேசும் அந்த 'ங்க', கேள்வி கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்தும் விதம். யார் என்று எனக்குப் பிடிபடவே இல்லை.

"அம்மு, எந்திரி. இந்தப் படத்துல இருக்கறது என்ன? ம்? மரா-வா? ஓஹோ. இது கன்னட மரமா? அப்ப இதுல ராகி முத்தே காய்க்குமா, மொளகா காய்க்குமா? தெனம் ஒண்ணு பறிச்சிட்டு வந்து எனக்கும் குடு, லஞ்சுக்கு ஆகும்."

பிறகு அதே குரல், நிதானமாக:

"ம், எல்லாரும் சிரிங்க."

சந்துப் பிள்ளைகள் சிரித்தார்கள். கைதட்டினார்கள்.

"அம்மு, நீ இப்ப அழக் கூடாது. நீ இப்ப சும்மா நிக்கணும். அப்டியே நின்னுனு இருக்கணும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. அது என் குரல். நந்தினி இரண்டாம் வகுப்பில் இருந்தபோது அவர்கள் ஆசிரியை பிரசவ விடுப்பில் போக, மூன்று மாதம் நான்தான் அந்த வகுப்பைப் பார்த்தேன். மரத்துக்குக் கன்னடத்தில் 'மரா' என்பார்கள். அதைப் பற்றி நான் பேசியது எனக்கு நினைவில்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை. ஒரு நாளைக்கு அப்படிப் பத்து சொல்லியிருப்பேன், எதை என்று ஞாபகம் வைத்துக்கொள்வது? அன்று அம்முவின் இடத்தில் நின்ற அவள் ஒரு சொல் விடாமல் வைத்திருந்தாள், நான் மூச்சு விட்ட இடம் உட்பட.

பதிவு ஓடிக்கொண்டே இருந்தது. டீச்சர் விளையாட்டு முடிந்து அவள் ஐந்தாம் வகுப்புப் பாடத்தை வாசித்தாள். தடங்கலில்லாமல், நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி. என் வகுப்பில் அப்படி வாசிக்கக்கூடியவர்கள் வேறு யாரும் இல்லை. கேட்டு முடித்துவிட்டுக் கணினியின் பிளாஸ்டிக் உறையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். நான்காவது பீரியட் மணி அடித்தது.

அன்று மாலை எஸ்தர் மேடத்தின் மேஜையில் பதினேழாம் எண்ணை வைத்தேன்.

"சர்வீஸ் ஆயிடுச்சா?"

"பழுதே இல்ல மேடம். நான் பொய் எழுதினேன். இதைக் கேளுங்க."

மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுக் கைபேசியைக் காதில் வைத்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. முழுவதும் கேட்டார். வாசிப்பு வந்த இடத்தில் கண்ணை மூடிக்கொண்டார். முடிந்ததும், "முதல்ல இருந்து போடுங்க" என்றார். மறுபடியும் கேட்டார். "எல்லாரும் சிரிங்க" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்.

"இது உங்க குரல்தானே, டீச்சர்?"

"ஆமா மேடம்."

"ஜன்னலுக்கு வெளிய நின்னு பதினஞ்சு வருஷமா கேட்டிருக்கேன். சிரிப்புச் சத்தம் கேட்டா நல்ல வகுப்புன்னு நினைச்சு நகந்து போயிடுவேன்." கைபேசியை மஞ்சள் துணியால் துடைத்து வைத்தார். "அதுக்கெல்லாம் ஒரு மெமோகூட நான் தரலை."

கோப்பிலிருந்து அந்தப் படிவத்தை எடுத்தார். கிழிக்கவில்லை. குறுக்கே ஒரு கோடு போட்டு, பச்சை மையில் "ரத்து" என்று எழுதி, தேதியிட்டு, ஒப்பமிட்டு, மறுபடி கோப்பிலேயே வைத்தார். பிறகு ரோஸ் நிறத் தாளை எடுத்தார். பொய்க் காரணம் காட்டிப் பள்ளிப் பொருளை வெளியே எடுத்துச் சென்றதற்கு மூன்று நாட்களில் விளக்கம் தர வேண்டும். நான் மறுநாளே எழுதிக் கொடுத்தேன்: "பழுது கைபேசியில் இல்லை, என்னிடத்தில் இருந்தது." திருப்பி அனுப்பிவிட்டார். "கவிதை வேண்டாம், டீச்சர். காரணத்தை எழுதுங்க."

நந்தினியிடம் மன்னிப்பு கேட்க வேண்டும். நாற்பது பிள்ளைகளை ஒரே மூச்சில் அடக்குகிற எனக்கு, பத்து வயதுப் பெண்ணைத் தனியே கூப்பிட்டு நிறுத்த நான்கு நாள் ஆயிற்று. கூப்பிட்டேன். வந்து நின்றாள். தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு வாய் வரவில்லை. "ஒண்ணுமில்ல, போ" என்று அனுப்பிவிட்டேன். என் வகுப்பில் இப்போது பேசாதவர்கள் இரண்டு பேர்.

கடைசியில் கைபேசியிடம்தான் சொன்னேன். கணினி அறையில் உட்கார்ந்து பதினேழாம் எண்ணில் பதிவு செய்தேன். முதல் முறை பேசியதில் நடுவே ஒரு நகைச்சுவை வந்துவிட்டது. அழித்தேன். இரண்டாவது, தலைமையாசிரியை பேசுவதுபோல் இருந்தது. மூன்றாவது சின்னதாக வந்தது: "நந்தினி, நான் புஷ்பா மிஸ். ரெண்டாங்கிளாஸ்ல நீ மரான்னு சொன்னப்ப நான் எல்லாரையும் சிரிக்க வச்சேன். அது தப்பு. நீ சொன்னது சரி. பாடத்த வாசிச்சு இதுலயே குடுத்து விடு. நான் மட்டும்தான் கேப்பேன்."

வெள்ளிக்கிழமை மறுபடியும் சர்வீஸ் சீட்டு எழுதினேன், மூன்று பிரதி. பழுதின் தன்மை: ஒலி வரவில்லை. மேடம் என்னை நிமிர்ந்துகூடப் பார்க்காமல் ஒப்பமிட்டார்.

திங்கட்கிழமை வந்த பதிவில் பாடம் முழுவதையும் வாசித்திருந்தாள். என் மன்னிப்பைப் பற்றி ஒரு சொல் இல்லை. கடைசியில் மட்டும், குரலைத் தாழ்த்தி: "மிஸ், போன்ல சார்ஜ் இல்ல."

அவள் என்னிடம் பேசிய முதல் வாக்கியம் அது. அடுத்த வெள்ளிக்கிழமை சார்ஜரையும் சேர்த்துக் கொடுத்தேன். அதற்கும் தனியாகச் சீட்டு எழுத வேண்டியிருந்தது.

அந்தக் கல்வியாண்டு முழுக்க வாராவாரம் பதினேழாம் எண் பழுதானது. கர்நாடகத்திலேயே இவ்வளவு பழுதான கைபேசி வேறு இருந்திருக்காது. வாய்மொழித் தேர்வையும் அதிலேயே நடத்தினோம். கேள்விகளை நான் பதிவு செய்து அனுப்புவேன், பதில்கள் வரும், நந்தினியிடம் முன்பே கேட்டு அவள் சரி என்றதால் மேடம் தன் அறையில் காதில் வைத்துக் கேட்டு மதிப்பெண் போடுவார். செல்வி வீட்டுக் குக்கர் எத்தனை விசில் அடிக்கும் என்பதுவரை எங்களுக்குப் பாடமாகிவிட்டது. சந்துப் பிள்ளைகளும் வாசிப்பில் சேர்ந்துகொண்டார்கள். செல்விகூட ஒருநாள் எழுத்துக் கூட்டி இரண்டு வரி வாசித்து, "தப்பா இருந்தா சிரிக்காதீங்க, மிஸ்" என்று முடித்திருந்தாள்.

வருடக் கடைசியில் நிறுவனத்திலிருந்து வீடியோக் கேமராவுடன் வந்தார்கள். கார்த்திக் பதிவேட்டைப் பார்த்தான். "மேடம், இந்தப் பதினேழு மட்டும் எதுக்குங்க இத்தன தடவ சர்வீஸ் போயிருக்குது?" என்று கையில் எடுத்தான். நான் தடுப்பதற்குள் ஒரு பதிவைப் போட்டுவிட்டான். அவன் கெட்டிக்காரன், கேட்டுக் கேட்டு என்னிடமிருந்து பாதிக் கதையை வாங்கிவிட்டான். முகம் பிரகாசமாகிவிட்டது.

"மேடம், வாய் பேசாத கொழந்தைய நம்ம மொபைல் பேச வச்சிருக்குதுங்க! அந்தப் பாப்பாவக் கூப்பிடுங்க. கேமரா முன்னால நாலே நாலு வார்த்த பேசினாப் போதும்."

நாங்கள் நின்றிருந்தது ஐந்தாம் வகுப்பு வாசலில். மூன்றாவது பெஞ்சில் நந்தினி உட்கார்ந்திருந்தாள். பெஞ்சின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்துப்போயிருந்தன. எஸ்தர் மேடம் அவளைப் பார்த்தார். பிறகு கார்த்திக்கைப் பார்த்தார்.

"அந்தப் பொண்ணு இன்னைக்கு லீவு."

நான் அவரோடு இருந்த இத்தனை வருடத்தில் பதிவேட்டில் இல்லாத ஒன்றை அவர் சொல்லிக் கேட்டது அன்றுதான். வருகைப் பதிவேடு அவர் கையிலேயே இருந்தது. மூடி அக்குளில் இடுக்கிக்கொண்டார். நாற்பத்திரண்டு பிள்ளைகளில் ஒருவர்கூட, "இல்ல மேடம், இங்கதான் இருக்கா" என்று சொல்லவில்லை. படம் எடுத்தவர்கள் ஒலியில்லாமல் கைபேசியைத் தடவும் பிள்ளைகளைப் படம்பிடித்து, பின்னணியில் புல்லாங்குழல் சேர்த்து அவர்கள் விழாவில் போட்டுக்கொண்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

அடுத்த வருடம் நிறுவனத்தின் அன்பு மரம் நடுவதன்பக்கம் திரும்பிவிட்டது. பேட்டரிகள் ஒவ்வொன்றாக உப்பின. பதினேழாம் எண் மட்டும் மற்றவற்றுக்கு முன்னால் செத்தது, ஒருவேளை அதை மட்டும்தான் நாங்கள் உண்மையில் உபயோகித்தோம் என்பதால். இருபத்தொன்பது கைபேசிகள் மஞ்சள் துணி கலையாமல் பீரோவுக்குள் போயின. எஸ்தர் மேடம் ஓய்வு பெற்றபோது பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலில் அவையும் இருந்தன. செல்வி குடும்பம் பிறகு சந்தாபுராவுக்குக் குடிபோயிற்று. நந்தினி இப்போது காமர்ஸ் எடுத்து பி.யூ.சி., அதாவது பிளஸ் டூ, படிக்கிறாளாம். கல்லூரியில் அதிகம் பேசுவதில்லையாம். அங்கே பேசுவதற்கு ஆட்கள் குறைவாகவா இருக்கப்போகிறார்கள்?

ஆனால் அவள் ஆறாம் வகுப்பில் இருந்தபோது நடந்ததைச் சொல்லி முடித்துவிடுகிறேன். அந்த வகுப்புக்கும் நான்தான் ஆசிரியை. பதினேழாம் எண் செத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவள் பழையபடி மௌனமாகிவிட்டாள். நானும் வற்புறுத்தவில்லை. மழை நாள். ஓட்டின்மேல் சத்தம். செவ்வகத்தின் பரப்பளவு நடத்திக்கொண்டிருந்தேன். நீளம் எட்டு, அகலம் ஏழு. கரும்பலகையில் விடையை எழுதினேன்: ஐம்பத்து நான்கு. நாற்பது பேரும் குனிந்து அதை அப்படியே எழுதிக்கொண்டார்கள். டீச்சர் எழுதினால் சரியாகத்தான் இருக்கும்.

"மிஸ். அம்பத்தாறு."

மழைச் சத்தத்தில் யார் என்று முதலில் தெரியவில்லை. பிறகு வகுப்பு முழுக்க நோட்டில் பென்சில் நின்றது. ஒரு பிள்ளை மட்டும் மெதுவாக, "ஏய்… நந்தினி" என்றது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்தால் அது போய்விடும் என்று தோன்றியது. நான்கை விரலாலேயே துடைத்துவிட்டு, ஆறு என்று எழுதினேன்.

"ஆமா, அம்பத்தாறு" என்று கரும்பலகையைப் பார்த்தே சொன்னேன். "அடுத்து நீளம் ஒம்பது, அகலம் ஆறு. எவ்வளவு?"

கேட்டுவிட்டு, சுவரைப் பார்த்தபடி காத்திருந்தேன்.